செய்யாற்றுப் படுகை ஆய்வை வெளிநாடுகளிலும் மேற்கோள் காட்டுறாங்க... திருவண்ணாமலை கிணறுகளுக்கு அதனால் என்ன பலன்? முழு விளக்கம்

திருவண்ணாமலை மாவட்டத்தில் போர் தண்ணீரை நம்பி இருக்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. "தண்ணி உப்பு கரிக்குது", "பருப்பு வேகவே மாட்டேங்குது", "பக்கெட் ஓரமெல்லாம் வெள்ளையா படியுது". பக்கத்துத் தெரு கிணற்றில் தண்ணீர் நன்றாக இருக்கும். இந்தத் தெருவில் மட்டும் வாயில் வைக்க முடியாது.

ஏன் இப்படி? இந்தக் கேள்விக்கான பதிலின் பெரும்பகுதி 20 ஆண்டுகளுக்கு முன்பே ஆய்வுக் கட்டுரையாக வெளியாகிவிட்டது. அதுவும் இந்த மாவட்டத்தின் ஜவ்வாது மலையில் பிறக்கும் செய்யாற்றின் படுகையை வைத்தே எழுதப்பட்டது. அன்று முதல் இன்று வரை நூற்றுக்கணக்கான ஆய்வாளர்கள் அந்தக் கட்டுரையைத் தங்கள் கட்டுரைகளில் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள்.

ஒரு ஆய்வுக்கு இத்தனை 'சைட்டேஷன்' என்று செய்தி வந்தால் அதற்கு என்ன அர்த்தம்? அந்த எண்ணிக்கையால் ஊர் கிணற்றுக்கு ஏதாவது பலன் உண்டா? வாங்க, ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

எந்த ஆய்வு அது?

நீர் எங்கிருந்து வருகிறது, எந்த வழியாகப் போகிறது, எங்கே தங்குகிறது, தங்கும்போது அதன் தன்மை எப்படி மாறுகிறது என்று படிக்கும் துறைதான் நீரியல். ஆங்கிலத்தில் ஹைட்ராலஜி என்பார்கள். மழை அளவு, ஆற்று வெள்ளம், அணை நீர்வரத்து, நிலத்தடி நீர் என எல்லாமே இதற்குள் வரும்.

சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் புவியியல் துறையில் நிலத்தடி நீர் பற்றி நீண்ட காலம் ஆய்வு செய்தவர் பேராசிரியர் எல்.இளங்கோ. தமிழ்நாட்டின் பல ஆற்றுப் படுகைகளில் கிணற்று நீரின் வேதியியல் குறித்து இவரும் இவருடன் சேர்ந்து உழைத்த ஆய்வாளர்களும் கட்டுரைகள் எழுதியிருக்கிறார்கள்.

அதில் ஒன்றுதான் என்.ராஜ்மோகனும் இளங்கோவும் சேர்ந்து எழுதிய செய்யாறு கட்டுரை. பாலாறு, செய்யாறு படுகைகளின் ஒரு பகுதியில் நிலத்தடி நீருக்குள் என்னென்ன வேதியியல் மாற்றங்கள் நடக்கின்றன என்பதே அதன் பொருள். 'என்விரான்மென்டல் ஜியாலஜி' என்ற சர்வதேச ஆய்விதழில் 2004-ல் வெளியானது. அடுத்த ஆண்டே, தீவிரப் பாசனம் நடக்கும் பகுதியில் உரச்சத்துகள் நிலத்தடி நீரில் எப்படிச் சேர்கின்றன என்று இதே இருவர் எழுதிய கட்டுரையும் அதே இதழில் வந்தது.

செய்யாறு ஜவ்வாது மலையில் தொடங்கி, செங்கம், கலசப்பாக்கம், போளூர் பக்கமாக ஓடி, தன் பெயரையே கொண்ட செய்யாறு நகரைத் தொட்டு, காஞ்சிபுரம் மாவட்டத்தில் திருமுக்கூடல் அருகே பாலாற்றில் கலக்கிறது. ஆண்டின் பெரும்பாலான நாட்களில் ஆறு மணலாகத்தான் கிடக்கும். அதனால் இரு கரையிலும் விவசாயத்துக்கும் குடிநீருக்கும் கிணறும் போரும்தான் கதி.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆய்வு நடந்தது படுகையின் ஒரு பகுதியில்தான். திருவண்ணாமலை மாவட்டத்தின் ஒவ்வொரு ஊருக்கும் அதில் ரிப்போர்ட் இருக்காது. ஆனால் அது சொல்லும் காரணங்கள் இந்த மாவட்டத்துக்கும் பொருந்தக்கூடியவை.

என்ன கண்டுபிடிச்சாங்க?

இதைப் புரிந்துகொள்ள ஃபில்டர் காபியை நினைத்துப் பாருங்கள். ஃபில்டரில் ஊற்றுவது வெறும் வெந்நீர்தான். காபித்தூள் வழியாக மெதுவாக இறங்கும்போது அது டிகாஷன் ஆகிவிடுகிறது. எவ்வளவு நேரம் தூளோடு இருக்கிறதோ அவ்வளவு கெட்டி.

மழைநீருக்கும் அதேதான் நடக்கிறது. வானத்திலிருந்து விழும்போது அதில் உப்பு மிகக் குறைவு. மண்ணுக்குள் இறங்கி, பாறை இடுக்குகளில் மாதக்கணக்கில், சில இடங்களில் ஆண்டுக்கணக்கில் தங்கும்போது பாறையிலுள்ள சோடியம், கால்சியம், மெக்னீசியம் போன்றவை அதில் கரைகின்றன. களிமண் அடுக்குகளைக் கடக்கும்போது தன்னிடம் இருக்கும் கால்சியத்தைக் கொடுத்துவிட்டு சோடியத்தை வாங்கிக்கொள்ளும். வெயிலில் ஆவியாகும்போது தண்ணீர் மட்டும் போய் உப்பு பின்தங்கிவிடும். இது போதாதென்று வயலில் போடும் உரத்திலிருந்து நைட்ரேட்டும் கீழே இறங்கும்.

பாறை கரைவது, அயனிகள் இடம் மாறுவது, ஆவியாவது, விவசாயம் ஆகியவை எல்லாம் சேர்ந்துதான் அந்தப் படுகையின் நீரைத் தீர்மானிக்கின்றன என்று கிணற்று நீர் மாதிரிகளை வைத்து விளக்கியதுதான் அந்த ஆய்வு.

திருவண்ணாமலைப் பகுதி பெரும்பாலும் கடினப் பாறை நிலம். இங்கே தண்ணீர் ஏரி மாதிரி ஒரே பரப்பாகப் பூமிக்கடியில் நிற்பதில்லை. மேலே சிதைந்த பாறை அடுக்கிலும், அதற்குக் கீழே விரிசல்களிலும் தேங்கி நிற்கிறது. உங்கள் போர் எந்த விரிசலைத் தொட்டதோ அந்த விரிசலின் தண்ணீர்தான் உங்களுக்கு. அடுத்த வீட்டு போர் வேறு விரிசலைத் தொட்டிருக்கும். பக்கத்துத் தெருவில் நல்ல தண்ணீர், இங்கே உப்புத் தண்ணீர் என்பதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

சரி, சைட்டேஷன்னா என்ன?

ஒரு ஆய்வாளர் கட்டுரை எழுதும்போது, "இந்தத் தகவல் இன்னாருடைய ஆய்விலிருந்து எடுத்தது", "இந்த முறையை இன்னார் முன்பே பயன்படுத்தியிருக்கிறார்" என்று குறிப்பிட வேண்டும். அப்படிக் குறிப்பிடுவதுதான் சைட்டேஷன். தமிழில் மேற்கோள். ஒரு கட்டுரையை 100 கட்டுரைகள் இப்படிக் குறிப்பிட்டால் அதற்கு 100 சைட்டேஷன்.

இதையெல்லாம் ஒரே இடத்தில் தொகுத்தால் எந்த ஆய்வு எங்கெல்லாம் போய்ச் சேர்ந்தது என்று தேட முடியுமே என்ற யோசனையை 1955-ல் முன்வைத்தவர் அமெரிக்காவைச் சேர்ந்த யூஜின் கார்ஃபீல்டு. 1964-ல் 'சயின்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ்' என்ற பட்டியலை அவர் வெளியிட்டார். இப்போது அந்த வேலையைப் பல தளங்கள் செய்கின்றன. ஸ்கோபஸ், கூகுள் ஸ்காலர் இரண்டுமே 2004-ல் வந்தவை. செய்யாறு கட்டுரை வெளியானதும் அதே ஆண்டுதான்.

தளத்துக்குத் தளம் எண்ணிக்கை மாறும். ஸ்கோபஸ், தான் தேர்ந்தெடுத்த வெளியீடுகளை மட்டும் கணக்கில் எடுக்கும். கூகுள் ஸ்காலர் ஆய்வேடு, கருத்தரங்கக் கட்டுரை, புத்தகம் என எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்ளும். அதனால் ஒரே கட்டுரைக்கு கூகுள் ஸ்காலரில் பெரும்பாலும் கூடுதலாகவே காட்டும். "இவ்வளவு சைட்டேஷன்" என்று யாராவது சொன்னால், எந்தத் தளத்தில் என்று கேட்பது நல்லது.

எச்-இண்டெக்ஸ்: ஒரு சின்னக் கணக்கு

ஆய்வாளர்களைப் பற்றிய செய்திகளில் 'எச்-இண்டெக்ஸ்' என்ற சொல்லும் வரும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இயற்பியலாளர் ஜார்ஜ் ஹிர்ஷ் 2005-ல் சொன்ன கணக்கு இது.

ஒருவர் 5 கட்டுரைகள் எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவற்றுக்கு முறையே 40, 18, 9, 4, 1 சைட்டேஷன் கிடைத்திருக்கிறது. குறைந்தது 4 சைட்டேஷன் வாங்கிய கட்டுரைகள் 4 இருக்கின்றன. எனவே அவருடைய எச்-இண்டெக்ஸ் 4.

இன்னொருவருக்கும் 5 கட்டுரைகள். ஆனால் 500, 3, 2, 1, 0 என்று இருக்கிறது. குறைந்தது 2 சைட்டேஷன் வாங்கியவை 2-க்கு மேல் இருந்தாலும், குறைந்தது 3 வாங்கியவை 3 இல்லை. அவருடைய எச்-இண்டெக்ஸ் வெறும் 2. ஒரே கட்டுரையால் 500 பேருக்கு உதவியவர், இந்தக் கணக்கில் முதலாமவருக்குப் பின்னால் நிற்கிறார்!

தொடர்ந்து எழுதுபவரைக் காட்ட இந்த எண் உதவும். ஒரு ஆய்வின் தாக்கத்தை இதை மட்டும் வைத்து எடைபோட முடியாது என்பதற்கு மேலே உள்ள கணக்கே போதும்.

நம்ம ஊர் ஆற்று ஆய்வை வெளிநாட்டுல ஏன் படிக்கிறாங்க?

செய்யாற்றில் தண்ணீர் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன, சீனாவிலோ ஈரானிலோ இருப்பவருக்கு அதில் என்ன அக்கறை? நியாயமான கேள்விதான்.

அவர்கள் எடுத்துக்கொள்வது ஊரை அல்ல, வழிமுறையை. எத்தனை கிணறுகளில், எந்தெந்தப் பருவத்தில் மாதிரி எடுப்பது? கிடைத்த எண்களை எப்படிப் பிரிப்பது? உப்பு பாறையிலிருந்து வந்ததா, உரத்திலிருந்து வந்ததா, ஆவியாதலால் கூடியதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இந்தக் கேள்விகள் எல்லா நாட்டுக்கும் பொது.

இதற்கான கருவிகளும் ஏற்கனவே மேற்கோள் வழியாகக் கைமாறி வந்தவைதான். நீரில் உள்ள அயனிகளை ஒரு வரைபடத்தில் வைத்து நீரின் வகையைச் சொல்லும் முறையை அமெரிக்காவின் ஆர்தர் பைப்பர் 1944-ல் வெளியிட்டார். மழை, பாறை, ஆவியாதல் மூன்றில் எது நீரின் தன்மையைத் தீர்மானிக்கிறது என்று காட்டும் வரைபடத்தை ரொனால்டு கிப்ஸ் 1970-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டார். உலகம் முழுக்க நிலத்தடி நீர் ஆய்வாளர்கள் இன்றும் இந்த இரண்டையும் பயன்படுத்துகிறார்கள்.

வெயில் அதிகம், மழை சில மாதங்களில் மட்டும், கீழே கடினப் பாறை, மேலே தீவிர விவசாயம் என்ற நிலை உலகில் பல இடங்களில் உண்டு. அந்த இடங்களில் ஆய்வு செய்பவருக்குத் தமிழ்நாட்டு ஆய்வு ஒரு முன்மாதிரி.

இதற்கு இன்னும் பெரிய உதாரணம் தென்மாவட்டத்தில் இருக்கிறது. டி.சுப்பிரமணி, எல்.இளங்கோ, எஸ்.ஆர்.தாமோதரசாமி மூவரும் சிற்றாறு படுகையின் நிலத்தடி நீர் குடிக்கவும் பாசனத்துக்கும் ஏற்றதா என்று ஆராய்ந்து 2005-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். தென்காசிப் பக்கம் ஓடும் ஒரு சின்ன ஆறு அது. அந்தக் கட்டுரைக்கு கூகுள் ஸ்காலரில் ஆயிரத்துக்கும் அதிகமான சைட்டேஷன். இந்தியாவின் பிற மாநிலங்கள், சீனா, ஈரான், ஆப்பிரிக்க நாடுகள் என்று நீரின் தரம் பற்றிய ஆய்வுகளில் அதன் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது.

நிறைய சைட்டேஷன் வந்தா நல்ல ஆய்வுன்னு சொல்லிடலாமா?

அவசரப்பட வேண்டாம். சைட்டேஷனிலும் பல வகை உண்டு.

முழுக் கட்டுரையையும் படித்து, அதே முறையைப் பின்பற்றி, நன்றியோடு குறிப்பிடுவது ஒரு வகை. "நிலத்தடி நீர் முக்கியமானது" என்று முன்னுரையில் ஒரு வரி எழுதிவிட்டு ஆறேழு கட்டுரைகளை வரிசையாக அடுக்குவது இன்னொரு வகை. "இவர் சொன்னது தவறு" என்று மறுப்பதற்காகக் குறிப்பிடுவதும் உண்டு. எண்ணும்போது மூன்றுக்கும் ஒரே மதிப்பெண்தான்.

தன் கட்டுரையைத் தானே மேற்கோள் காட்டுவதும் நடக்கும். தொடர் ஆய்வில் அது இயல்பு. அளவுக்கு மீறினால் எண்ணிக்கையை ஊதிப் பெருக்குவதாகிவிடும்.

துறையும் முக்கியம். மருத்துவத்தில் ஆய்வாளர்கள் அதிகம், கட்டுரைகள் அதிகம், எனவே மேற்கோளும் அதிகம். நீரியல் ஆய்வாளரின் எண்ணை மருத்துவ ஆய்வாளரின் எண்ணோடு ஒப்பிடுவது கபடி ஸ்கோரை கிரிக்கெட் ஸ்கோரோடு ஒப்பிடுகிற மாதிரி.

அப்போ 'உலகின் முதல் 2% விஞ்ஞானிகள்' பட்டியல்?

ஆண்டுதோறும் "எங்கள் கல்லூரிப் பேராசிரியர் உலகின் முதல் 2% விஞ்ஞானிகள் பட்டியலில்" என்று செய்தி வருகிறதே, அதுவும் சைட்டேஷனை வைத்துப் போடுவதுதான். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் அயோனிடிஸ் தலைமையிலான குழு 2019-ல் தொடங்கியது. அதனால் அது ஸ்டான்ஃபோர்டு பட்டியல் என்று பெயர் வாங்கிவிட்டது. பல்கலைக்கழகம் கொடுக்கும் விருது அல்ல.

ஸ்கோபஸ் தரவை எடுத்து, மொத்த மேற்கோள், எச்-இண்டெக்ஸ், முதல் ஆசிரியரா கடைசி ஆசிரியரா என்பது உட்பட 6 அளவுகளைச் சேர்த்து ஒரு மதிப்பெண் போடுகிறார்கள். சுயமேற்கோளைச் சேர்த்தும் நீக்கியும் காட்டுகிறார்கள். வாழ்நாள் முழுவதற்கும் ஒரு பட்டியல், ஒரே ஆண்டுக்கு ஒரு பட்டியல் என இரண்டு உண்டு. இரண்டும் ஒன்றல்ல. செய்தியைப் படிக்கும்போது எந்தப் பட்டியல் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கட்டுரை வெளியாகும் இதழின் மதிப்பெண்ணை வைத்து ஆய்வாளரை எடைபோடாதீர்கள், ஆய்வில் என்ன இருக்கிறது என்று பாருங்கள் என்று ஆய்வாளர்களே கேட்டுக்கொண்டதும் உண்டு. 2012-ல் சான் பிரான்சிஸ்கோவில் கூடி உருவாக்கிய பிரகடனம் அதைத்தான் சொல்கிறது.

சாத்தனூர் அணைக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

இதுவரை பார்த்தது கிணற்று நீரின் தரம். நீரியல் ஆய்வுக்கு இன்னொரு முகம் இருக்கிறது. அது வெள்ளம். திருவண்ணாமலை மாவட்டம் அதை 2024 டிசம்பரில் நேரடியாகப் பார்த்தது.

ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30-ம் தேதி இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அதன் பிறகும் உள்மாவட்டங்களில் மழை கொட்டித் தீர்த்தது. டிசம்பர் 1-ம் தேதி திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மலைச்சரிவில் மண் சரிந்து 7 பேர் உயிரிழந்தனர். கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை பதிவானது. அந்தத் தண்ணீர் தென்பெண்ணையில் சேர்ந்து சாத்தனூர் அணைக்கு வந்தது. டிசம்பர் 2-ம் தேதி அதிகாலை அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி நீர் திறக்கப்பட்டது. கீழே விழுப்புரம், கடலூர் மாவட்டங்கள் வரை வெள்ளம்.

மேலே இவ்வளவு மழை பெய்தால் அணைக்கு எத்தனை மணி நேரத்தில், எவ்வளவு தண்ணீர் வரும்? இதை முன்கூட்டியே கணக்கிட முடிந்தால் திறப்பை முன்பே சிறிது சிறிதாகத் தொடங்கலாம். கரையோர மக்களை எழுப்பி அனுப்ப நேரம் கிடைக்கும். அந்தக் கணக்கைப் போடுவதுதான் மழை-நீரோட்ட மாதிரி.

அப்படிப்பட்ட மாதிரிகளில் உலகப் புகழ்பெற்றது 'ஸ்வாட்'. அமெரிக்க வேளாண்மைத் துறையின் ஆராய்ச்சிப் பிரிவும் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகமும் சேர்ந்து வளர்த்த மென்பொருள். யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பயன்படுத்தலாம். ஜெஃப் ஆர்னால்டு, ராகவன் சீனிவாசன் உள்ளிட்ட 4 பேர் 1998-ல் எழுதிய கட்டுரைதான் அதன் அடிப்படை. ஆற்றுப் படுகையைச் சின்னச் சின்னப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மண் என்ன, பயிர் என்ன, சரிவு எவ்வளவு, மழை எவ்வளவு என்று கொடுத்தால், ஆற்றில் எவ்வளவு தண்ணீர் வரும், எவ்வளவு நிலத்துக்குள் இறங்கும் என்று கணக்கிட்டுச் சொல்லும். இந்தக் கட்டுரைக்குப் பல ஆயிரம் சைட்டேஷன்.

மாதிரி சொல்வது சரியா என்று சோதிக்கவும் ஓர் அளவுகோல் இருக்கிறது. நாஷ், சட்கிளிஃப் இருவரும் 1970-ல் 'ஜர்னல் ஆஃப் ஹைட்ராலஜி' இதழில் கொடுத்தது. ஆற்றில் உண்மையில் வந்த நீரோடு கணக்கு அப்படியே பொருந்தினால் மதிப்பெண் 1. சராசரியைச் சொல்லிவிட்டுப் போனாலே கிடைக்கும் அளவுக்குத்தான் பொருந்தினால் 0. அதைவிட மோசமென்றால் 0-க்கும் கீழே. நீரியலில் மிக அதிகம் மேற்கோள் காட்டப்படும் கட்டுரைகளில் இதுவும் ஒன்று.

ஆனால் ஒரு விஷயம். எத்தனை ஆயிரம் சைட்டேஷன் வாங்கிய மாதிரியாக இருந்தாலும், மலையிலும் காட்டிலும் மழைமானி இருந்து, அந்த எண் உடனுக்குடன் வந்தால்தான் அது அணைக்கு உதவும். ஆற்றில் நீர் அளவைப் பதிவு செய்யும் கருவி வேண்டும். அந்த முடிவை நம்பி இரவு 2 மணிக்கு மதகைத் திறக்கச் சொல்லும் அதிகாரியும் வேண்டும். சென்னையில் 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஆய்வு நிறுவனங்கள் சேர்ந்து 'சி-ஃப்ளோஸ்' என்ற வெள்ள எச்சரிக்கை அமைப்பை உருவாக்கியது, கட்டுரையிலிருந்து களத்துக்கு வந்ததற்கு ஓர் உதாரணம்.

எண்ணில் வராத பயன்

சைட்டேஷன் எண்ணிக்கை சொல்வது ஒன்றைத்தான். மற்ற ஆய்வாளர்கள் இதைப் பயன்படுத்தினார்கள் என்பதை. மக்கள் பயன்படுத்தினார்களா என்பது அதில் வராது.

திருவண்ணாமலையில் மண் சரிந்த பிறகு ஐஐடி பேராசிரியர்கள் குழு மலைக்கு வந்து பார்வையிட்டது. அப்படி வருபவர்கள் கொடுக்கும் அறிக்கையால் தீபத் திருவிழாவுக்கு எத்தனை பேரை மலை ஏற விடலாம் என்பது முதல், எந்த வீடுகள் ஆபத்தில் இருக்கின்றன என்பது வரை முடிவெடுக்க முடியும். ஆனால் மாவட்ட நிர்வாகத்துக்குக் கொடுத்த அறிக்கைக்கு யாரும் சைட்டேஷன் போட மாட்டார்கள். எச்-இண்டெக்ஸ் ஒரு புள்ளி கூட ஏறாது.

பக்கத்து மாவட்டங்களான தருமபுரி, கிருஷ்ணகிரியில் நடந்ததையும் பார்க்கலாம். அங்கே பாறையிலிருந்தே ஃபுளோரைடு கரைந்து நிலத்தடி நீரில் கலக்கிறது. பல்லில் கறை, எலும்பு பாதிப்பு என்று தலைமுறைகள் அவதிப்பட்டன. கிணறு கிணறாக நீரைச் சோதித்த பிறகுதான் பிரச்சினையின் அளவு தெரிந்தது. ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து, 2013-ல் தொடங்கி வைக்கப்பட்டது. நிலத்தடி நீருக்குப் பதிலாகக் காவிரி நீர் குழாயில் வந்தது. நீரியல் அறிவு வீட்டுக் குழாய் வரை வந்து சேர்வது இப்படித்தான்.

செய்யாறு ஆய்வுக்கும் இதே கேள்விதான். வெளிநாட்டு ஆய்வாளர் அதை மேற்கோள் காட்டுவது பெருமை. அந்த ஆய்வு எச்சரித்த உர நைட்ரேட் இப்போது ஊர் கிணற்றில் எவ்வளவு இருக்கிறது என்று கிராமத்துக்குத் தெரிந்தால்தான் அது பலன்.

உங்க வீட்டு போர் தண்ணீரை எப்படிப் பார்ப்பது?

இது ஒன்றும் பெரிய வேலை இல்லை. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்ட அளவில் நீர்ப் பரிசோதனைக் கூடங்கள் இருக்கின்றன. கட்டணம் செலுத்தி யார் வேண்டுமானாலும் சோதித்துக்கொள்ளலாம். ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, கையடக்கப் பரிசோதனைப் பெட்டியும் வழங்கப்படுகிறது. உங்கள் ஊராட்சியில் கேட்டுப் பாருங்கள்.

மாதிரி எடுப்பதற்கு முன் மோட்டாரைச் சில நிமிடங்கள் ஓட விடுங்கள். குழாயில் தேங்கிய பழைய தண்ணீர் போகட்டும். சுத்தமான பாட்டிலை அதே தண்ணீரால் இரண்டு மூன்று முறை அலசிவிட்டு நிரப்புங்கள். தேதி, இடம், போரின் ஆழம் மூன்றையும் எழுதி ஒட்டுங்கள். கிருமி இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமென்றால் அதற்குத் தனியாகக் கிருமி நீக்கிய பாட்டில் தேவை.

ரிப்போர்ட் வந்ததும் இந்த 4 வரிகளைத் தேடுங்கள். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர் அளவுகள் இவை. எல்லாம் ஒரு லிட்டருக்கு.

டி.டி.எஸ்., அதாவது கரைந்துள்ள மொத்த உப்பு: 500 மி.கி. வரை நல்லது. வேறு தண்ணீர் கிடைக்காவிட்டால் 2,000 மி.கி. வரை ஏற்கலாம்.

கடினத்தன்மை: 200 மி.கி. வரை நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 600 மி.கி. வரை. பருப்பு வேகாததற்கும், பக்கெட்டில் வெள்ளை படிவதற்கும் இதுதான் காரணம்.

ஃபுளோரைடு: 1 மி.கி. வரை நல்லது. 1.5-ஐத் தாண்டக் கூடாது.

நைட்ரேட்: 45 மி.கி. அதற்கு மேல் எந்தச் சலுகையும் இல்லை.

முதல் இரண்டும் நாக்கிலும் பாத்திரத்திலும் தெரிந்துவிடும். ஃபுளோரைடும் நைட்ரேட்டும் தெரியாது. தண்ணீர் தெளிவாக, சுவையாக இருக்கும்போதே அவை அளவுக்கு மீறி இருக்கலாம். நைட்ரேட் அதிகமுள்ள தண்ணீரில் பால் பவுடர் கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தையின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறன் குறைந்து, உடல் நீலம் பாரிக்கும் அபாயம் உண்டு.

இன்னொரு முக்கியமான விஷயம். "கொதிக்க வெச்சு குடிச்சா எல்லாம் சரியாயிடும்" என்று பலரும் நினைக்கிறார்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். நைட்ரேட்டும் ஃபுளோரைடும் போகாது. தண்ணீர் ஆவியாகிக் குறைவதால் அவற்றின் செறிவு கொஞ்சம் கூடத்தான் செய்யும். ரிப்போர்ட்டில் இவை அதிகமாக இருந்தால் குடிக்கவும் சமைக்கவும் பாதுகாக்கப்பட்ட குழாய் நீர், ஆர்.ஓ. போன்ற மாற்று வழிக்குப் போவதே சரி. குளிக்க, துவைக்க போர் தண்ணீரே போதும்.

ஒரே ஒரு முறை சோதித்துவிட்டு விட்டுவிடாதீர்கள். வடகிழக்குப் பருவமழை முடிந்த பிறகு ஒரு முறை, கோடையில் ஒரு முறை என்று ஆண்டுக்கு இரண்டு தடவை பாருங்கள். மழைக்குப் பின் புதுத் தண்ணீர் இறங்கி உப்பு குறைந்திருக்கலாம், வயலில் போட்ட உரம் இறங்கி நைட்ரேட் கூடியிருக்கவும் செய்யலாம். பழைய ரிப்போர்ட்டுகளைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள். நாலைந்து ஆண்டு ரிப்போர்ட்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், உங்கள் கிணறு நல்ல திசையில் போகிறதா, கெட்டுக்கொண்டு வருகிறதா என்று நீங்களே சொல்லிவிடலாம். கிராம சபைக் கூட்டத்தில் குடிநீர் கேட்டு எழுந்து நிற்கும்போது கையில் அந்த எண்கள் இருந்தால், கோரிக்கைக்கு பலம் கூடும்.